மடிக்கணினிக்குள் ஓர் அடுப்பு

கோடை விடுமுறையும் கத்திரி வெயிலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மாணவர்களுக்கு மடிக்கணினியில் விளையாட நேரம் கிடைப்பது மே மாதத்தில்தான். அந்த மடிக்கணினிக்கு ஆண்டிலேயே மிகக் கடினமான மாதமும் அதுவே. ஜனவரி இரவில் தங்குதடையின்றி ஓடிய அதே விளையாட்டு, மே மாத நண்பகலில் இருபது நிமிடங்களுக்குள் தடுமாறத் தொடங்குகிறது. உள்ளே விசிறி இரைகிறது. விசைப்பலகையின் மேற்புறத்தில் கை வைக்க முடிவதில்லை. சீராக ஓடிய காட்சி விட்டுவிட்டு நகர்கிறது. "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கல்லூரிப் படிப்புக்கென்று தவணை முறையில் வாங்கிய கருவி அது. வீட்டில் அது சிறிய செய்தி அன்று.

ஆனால் பல சமயங்களில் கார்டு பழுதடைவதில்லை. அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. உண்மையான பழுதையும் இந்தத் தற்காப்பையும் பிரித்தறிய ஓர் எளிய கழித்தல் கணக்கே போதும். அதற்கு முன், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்போம்.

கணக்குப் போடுவதற்கு ஏன் இத்தனை சூடு?

சாதாரண மடிக்கணினித் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் காட்டப்படுகின்றன எனின், நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று தனித்தனிக் கணக்கு. இந்த வேலையை ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே கிராபிக்ஸ் கார்டின் உத்தி. எடுத்துக்காட்டாக, என்விடியா நிறுவனத்தின் மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் வகையில் 3,072 கணக்கிடும் பகுதிகள் உள்ளன. அதன் சிலிக்கான் சில்லில் ஏறத்தாழ 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. சில்லின் பரப்போ ஒன்றரை சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். கட்டை விரல் நகம் அளவுதான்.

டிரான்சிஸ்டர் என்பது ஒரு சுவிட்சு. அது ஒருமுறை போட்டு அணைக்கப்படும்போது சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. வடியும்போது அந்த ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு டிரான்சிஸ்டரில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. கோடிக்கணக்கானவை, நொடிக்கு 100 கோடி முறைக்கும் மேல் துடிக்கும் கடிகாரத்துக்கு ஏற்ப இயங்கும்போது கதை வேறு. கணக்கின் விடை திரைக்குப் போய்விடுகிறது; செலவான மின்சாரம் முழுவதும் வெப்பமாகச் சில்லிலேயே தங்கிவிடுகிறது. 100 வாட் மின்சாரம் எடுக்கும் சில்லு, 100 வாட் அடுப்புதான்.

100 வாட் பெரிய அளவா என்று கேட்கலாம். வீட்டுக் கூரையில் சுழலும் பழைய வகை மின்விசிறி எடுப்பது ஏறத்தாழ 75 வாட். ஆனால் இங்கே அளவைவிடப் பரப்பே முக்கியம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரை வாட் கிடைக்கிறது. நம் சில்லிலோ ஒரு சதுர சென்டிமீட்டரில் 60 வாட்டுக்கும் மேல்! இஸ்திரிப் பெட்டியைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான வெப்பம், நகமளவு இடத்தில்.

டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் அவை எடுக்கும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டு என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் விளக்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது பலித்தது. 2005-ஆம் ஆண்டையொட்டி அந்த வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு சில்லுகளின் வேகத்துக்கு எல்லை கட்டுவது கணிதம் அன்று, வெப்பமே.

வெப்பம் போகும் வழி

வெப்பத்தை அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு அனுப்பத்தான் முடியும். மடிக்கணினிக்குள் அது நான்கு கட்டங்களைக் கடக்கிறது.

சில்லின் மேல் ஒரு செம்புத் தகடு பொருந்தியிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் வழவழப்பானவை. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டிலும் மேடு பள்ளங்கள், இடையில் காற்று. செம்பு, காற்றைவிட சுமார் 15,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே அந்த மெல்லிய காற்றிடைவெளி, வழியில் எழுப்பிய சுவர் போன்றது. அதை நிரப்பத்தான் பற்பசை போன்ற 'தெர்மல் பேஸ்ட்' பூசப்படுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல இது காய்ந்தோ ஓரங்களுக்கு ஒதுங்கியோ போவதுண்டு.

அடுத்தது செம்புக் குழாய். உள்ளதிலேயே வியப்பான பகுதி இதுதான். திண்மமான செம்புக் கம்பி போலத் தோன்றும் இது, உண்மையில் உள்ளே வெற்றிடமாக்கி மிகச் சிறிதளவு நீர் ஊற்றி மூடிய குழாய். அழுத்தம் மிகக் குறைவாதலால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரி வரை காத்திராமல் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. சில்லின் பக்கம் ஆவியாகி, மறுமுனைக்குப் பறந்து, அங்கே மீண்டும் நீராகிறது. இட்லிப் பானையில் ஆவி மேலே சென்று மூடியில் நீராகப் படிகிறதல்லவா? அதே செயல்தான். திரும்பி வரும் பாதை மட்டுமே வேறு. குழாயின் உட்சுவரில் நுண்துளைப் படலம் ஒன்று உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல நீர் அதன் வழியே சில்லை நோக்கி ஊர்ந்து வருகிறது. இயக்குவதற்கு மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. 100 வாட் என்பது நொடிக்கு 100 ஜூல். ஆக, 24 நொடிகளுக்கு ஒரு கிராம் நீர் ஆவியாகித் திரும்பினால் போதும், நூறு வாட் வெப்பமும் மறுமுனைக்குச் சென்றுவிடும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக் கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் உருவாக்கிக் காட்டிய இந்தக் குழாய், செயற்கைக்கோள்களிலும் பயன்பட்டு, இன்று நம் மேசைக்கு வந்திருக்கிறது.

குழாயின் மறுமுனையில் சீப்புப் பல் போல நெருக்கமான மெல்லிய தகடுகள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளின் தம்பிகள் என்று இவற்றைச் சொல்லலாம். கடைசியாக விசிறி: அடிப்பக்கத் துளைகள் வழியே அறைக் காற்றை உள்ளிழுத்து, தகடுகளுக்கு இடையே ஊதி வெளியேற்றுகிறது.

இந்தக் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் காற்றின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.15 ஜூல் வேண்டும். கிராபிக்ஸ் சில்லும் மையச் செயலியும் சேர்ந்து 150 வாட் தருகின்றன, விசிறி நொடிக்கு 10 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 13 டிகிரி சூடேறும். 35 டிகிரியில் நுழைந்த காற்று 48 டிகிரியில் வெளிவரும். மெத்தைமேல் வைத்ததால் அடித்துளைகள் மூடிப் பாதிக் காற்றே நுழைந்தால், 61 டிகிரி! பக்கவாட்டில் கை வைத்துப் பார்ப்போர் திடுக்கிடுவதில் வியப்பில்லை.

அறையும் கணக்கில் சேர்த்தி

சில்லின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலையோடு ஒரு குறிப்பிட்ட ஏற்றத்தைக் கூட்டிய தொகை. அந்த ஏற்றம் சில்லு எடுக்கும் வாட்டையும், வழியிலுள்ள தடைகளையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, வாட் ஒன்றுக்கு அரை டிகிரி ஏற்றம் என்று கொள்வோம். 100 வாட்டுக்கு 50 டிகிரி. ஜனவரி இரவில் அறை 27 டிகிரி எனின் சில்லு 77 டிகிரி. மே மாதத்தில் ஓட்டுக்கூரையோ மொட்டை மாடியோ காய்ந்து அறை 37 டிகிரியை எட்டும்போது, சில்லு 87 டிகிரி. பல மடிக்கணினிகளில் ஏறத்தாழ இந்த அளவில்தான் தற்காப்பு தொடங்குகிறது. சில்லுக்குள்ளேயே இருக்கும் உணரி எச்சரிக்கை தர, சில்லு தன் துடிப்பு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காட்சி தடுமாறுவது அதனால்தான். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்தே போகும்.

அறையை விசிறி மட்டும் கொண்டு குளிர்விக்க முடியாது என்பதும் இதிலிருந்து விளங்கும். உள்ளே நுழையும் காற்றைவிடத் தகடு குளிர்ச்சியாக வழியே இல்லை. அறைக்குள் வெப்பம் சேராமல் பார்த்துக்கொள்வது கட்டடக்காரர்களின் வேலை. அதற்குப் புதுவையிலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் கட்டி முடிக்கப்பட்டது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட். குளிர்சாதனம் இல்லாமலே வெயிலைச் சமாளிக்க அவர் வகுத்த கட்டடம் அது. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. எனவே காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். சுவர்களுக்குப் பதிலாக, திருப்பி வைக்கக்கூடிய கிடைத் தகடுகள். வெயிலைத் தடுத்துக் காற்றை விடுபவை. கூரை இரட்டை. கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த ஓடுகள், இடையில் காற்றோடும் வெளி. மேல் ஓடு காய்ந்தாலும் வெப்பத்தை இடையிலுள்ள காற்று அள்ளிச் செல்கிறது. மடிக்கணினியின் தகடுகளிலும் நடப்பது இதுவே அல்லவா?

நாம் வீட்டை இடித்துக் கட்ட முடியாது. ஆனால் மேசையை மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றலாம். பிற்பகலில் கடற்காற்று திரும்பிய பின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்கலாம். அறை ஒரு டிகிரி குறைந்தால் சில்லும் ஒரு டிகிரி குறையும்.

அடுப்பைத் தணிப்பதே மேல்

குளிர்விப்பதற்கான கருவிகளைத் தேடி அலைவதைவிட, அடுப்பின் தீயைக் குறைப்பது நல்லது. சில்லில் எழும் வெப்பம் அதன் துடிப்பு வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப அமைகிறது. இரண்டையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.73. அதாவது வேகத்தில் இழப்பு 10 சதவீதம். வெப்பத்தில் ஆதாயம் 27 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் 100 வாட் 73 வாட்டாகும். ஏற்றம் 50-இலிருந்து 36.5 டிகிரியாகும். 37 டிகிரி அறையிலும் சில்லு 73.5 டிகிரியில் நிற்கும். மே மாத நண்பகலில் ஜனவரி இரவைவிடக் குளிர்ச்சி!

இதை எளிதாகச் செய்யும் வழி, விளையாட்டின் அமைப்புப் பகுதியில் நொடிக்கு 60 படங்கள் என்று வரம்பு வைப்பது. திரை 60 மட்டுமே காட்டக்கூடியதாக இருக்கையில் கார்டு 110 படங்களை வரைந்து தள்ளுவது வீண். நிழல், ஒளித் தெறிப்பு ஆகியவற்றின் தரத்தை ஒரு படி இறக்கினாலும் பலன் தெரியும்.

கடலோரத்துக்கென்று தனிச் சங்கடங்கள் சில உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கசியும். புதுவையில் இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது வழக்கம். தகடுகளில் படிந்த உப்பு இவ்வாறு ஈரமாகி, தூசியையும் பஞ்சிழையையும் பசை போல் பிடித்துக்கொள்கிறது, உலோகத்தையும் அரிக்கிறது. ஆகவே கடற்கரையை ஒட்டி வசிப்போர் தகடுகளை அடிக்கடி சுத்தம் செய்வது நல்லது. காற்று ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறிபிடித்துச் சுழன்றால் விசிறி கெடும்.

நீர்த்தொட்டி வைத்த ஏர்கூலரை மடிக்கணினியின் பக்கம் திருப்ப வேண்டாம். வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும் கருவி அது. ஏற்கெனவே ஈரமான நம் காற்றில் குளிர்ச்சி குறைவு, ஈரம் அதிகம். ஐஸ் கட்டியை அடியில் வைப்பதோ இன்னும் மோசம். புதுவைக் கோடையில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளும், குளிர்பானப் புட்டியைப்போல, வியர்க்கும். சுற்றுப்பலகையில் நீர் கோத்தால் சூட்டைவிட விரைவாகக் கார்டு கெடும். பின்புறத்தை இரண்டு அழிரப்பர்களின் மேல் உயர்த்தி வைப்பது செலவில்லாதது. காற்று தாராளமாக நுழையும்.

இனி அந்தக் கழித்தல். படங்களுக்கு 60 என்று வரம்பு வைத்து, தற்காப்பு எல்லையைத் தொடாத ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். அதிலிருந்து அறை வெப்பமானி காட்டும் அளவைக் கழித்துத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே விளையாட்டு, அதே காட்சி, அதே கழித்தல். வித்தியாசம் முன்போலவே 40 டிகிரி என்றால் கருவியில் குறையில்லை, அறைதான் சூடு. 40 என்பது 52 ஆகியிருந்தால் வழியில் அடைப்பு: முதலில் தூசியைப் பாருங்கள், அதன் பிறகு பேஸ்ட்டை. இந்த இரண்டு எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனால், புதிய கார்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்க முடியும்.