முதலில் ஈரம், பிறகு தூசு

ஏர் ப்யூரிஃபையர் வாங்க வழிகாட்டும் குறிப்புகளில் பெரும்பாலானவை டெல்லியின் நவம்பர் மாதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வயல் தீயும் வாகனப் புகையும் சேர்ந்து வானமே சாம்பல் பூத்துக் கிடக்கும். குளிருக்குக் கதவும் சன்னலும் சாத்தியே இருக்கும். ஹீட்டர் போட்ட அறையில் உதடு வெடிக்கும். அந்த வீட்டுக்குச் சொன்ன யோசனையை அப்படியே கொண்டுவந்து திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ கடைப்பிடித்தால் பணம் வீணாவதோடு நிற்காது. அறையின் காற்று முன்பைவிடக் கெடவும் வாய்ப்பு உண்டு.

காரணம் ஈரம். சென்னையில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை விடியற்காலைகளில் 90ஐத் தொடும். டப்பாவில் வைத்த அப்பளத்தை நமுக்கவைப்பதும், பீரோவிலிருக்கும் பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளி விழவைப்பதும் இந்த ஈரம்தான். சுவரில் பூஞ்சணத்தை வளர்ப்பதும் மெத்தையில் தூசு உண்ணிகளைப் பெருக்குவதும் இதுவே. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே உயிர் வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வறண்டு செத்துப்போகும். நம் கடற்கரை ஊர்களில் அந்த நிலை தானாக வருவதே இல்லை.

ஏர் ப்யூரிஃபையர் ஈரத்தைத் தொடாது. இயந்திரத்துக்குள் போகும் காற்று எவ்வளவு ஈரத்தோடு போகிறதோ, அதே ஈரத்தோடுதான் வெளியே வரும். மிதக்கும் பூஞ்சண வித்துகளை அது பிடித்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் சுவரில் ஓதம் இருக்கும்வரை வித்துகள் வந்துகொண்டே இருக்கும். உண்ணிகளின் கழிவுத் துகள்களோ சற்றுப் பெரியவை. படுக்கையை உதறினால் எழும்பி, கொஞ்ச நேரத்தில் மீண்டும் படிந்துவிடும். அவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தின் வாய்க்குப் போய்ச் சேருவதே இல்லை. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது இந்த விஷயத்தில் இயந்திரத்தைவிட அதிகப் பலன் தரும்.

அதனால்தான், கடைக்குப் போகுமுன் சில நூறு ரூபாயில் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள் என்று சொல்கிறேன். ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். 60க்குக் கீழே நிற்கிற அறை நல்ல அறை. 70க்கு மேலேயே நிற்கிற அறையில் முதல் செலவு ப்யூரிஃபையருக்கு ஆகக் கூடாது. மாடித் தண்ணீர் எங்கே கசிகிறது, குளியலறைச் சுவர் வழியாக ஈரம் ஏறுகிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த தரைத்தள வீடுகள் பலவற்றில் சுவர் உலருமுன்னே பெயின்ட் அடித்துவிட்டார்கள். பூச்சுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தச் சுவரைச் சுரண்டி, உலரவிட்டு, மறுபடி பூசாமல் எந்த இயந்திரத்தை வைத்தாலும் நமுத்த வாடை போகாது. சுவரில் குறை இல்லாமலே ஈரம் மிகுந்திருந்தால் டீஹியூமிடிஃபையர் உதவும். ஆனால் அது அறையைக் கொஞ்சம் சூடாக்கும், மின்சாரமும் இழுக்கும். ஏ.சி. இருக்கிற வீட்டில் அதன் ‘டிரை’ நிலையை முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ப்யூரிஃபையர் தேவைப்படும் வீடுகள் இருக்கின்றன, நிறையவே. எண்ணூர், மணலிப் பக்கம் அனல் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரத்தில் முதியவர்களும் குழந்தைகளும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் திருப்பிவிட நேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர்காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலே கலைய வழியில்லை. பி.எம். 2.5 எனும் நுண்துகளுக்கு இந்திய அரசு வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்போ 5. முதல் அளவுகோலில் நாம் தேறும் ஆண்டுகளிலும் இரண்டாவதில் தேறுவதில்லை.

சரி, எதை வாங்குவது? ஹெப்பா ஃபில்டரும் நல்ல மின்விசிறியும் உள்ள எளிய பெட்டி. அவ்வளவுதான் வேண்டும்.

ஹெப்பாவைச் சல்லடைபோல நினைக்கிறார்கள். ஓட்டையைவிடப் பெரியது மாட்டும், சிறியது நழுவும் என்று. உண்மை வேறு. அது தாறுமாறாகக் கிடக்கும் நுண்ணிழைகளின் மெத்தை. கனமான துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைபாய்ந்து ஏதாவது ஓர் இழையில் சிக்கும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் பிடிப்பதற்கு மிகக் கடினமானது, அதனால்தான் 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று சோதிக்கிறார்கள். ‘0.1 மைக்ரானையும் பிடிக்கும்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஒழுங்கான ஹெப்பா எல்லாமே பிடிக்கும்.

சதவீதத்தைவிட முக்கியமான எண் சி.ஏ.டி.ஆர். மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்றை இயந்திரம் தருகிறது என்பதே அது. கணக்கை வீட்டிலேயே போடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். 1,200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். அறைக்காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட வேண்டுமானால் 170 வேண்டும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் எண் இயந்திரம் முழு வேகத்தில் இரையும்போது கிடைப்பது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்கமாட்டார்கள். தூக்க நிலையில் வைத்ததும் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே அந்தச் சிறிய அறைக்கே 300 அளவில் வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதுதான் சரி. ‘500 சதுர அடிக்குப் போதும்’ என்ற வாசகத்தையும் இதே கணக்கில் உரசிப்பாருங்கள். பத்தடி உயரத்தில் 500 சதுர அடி என்றால் 142 கனமீட்டர். இயந்திரத்தின் சி.ஏ.டி.ஆர். 250 என்றால் மணிக்கு இரண்டு முறைகூடக் காற்று மாறாது. மூச்சு இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு அது போதாது.

கார்பன் ஃபில்டர் விஷயத்தில் நம் ஊர் வானிலை நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. வாயுக்களையும் வாடையையும் பிடிப்பது கார்பன்தான். அதன் நுண்துளைகளில் வாயு போய் ஒட்ட வேண்டும். ஈரக்காற்றில் அந்த இடங்களை நீராவி முதலில் பிடித்துக்கொள்கிறது. ஈரப்பதம் ஏற ஏறக் கார்பனின் கொள்ளளவு இறங்குகிறது. விலை குறைந்த இயந்திரங்களில் கார்பன் என்பது கரிப்பொடி தூவிய மெல்லிய பஞ்சுத்தாள்தான். சென்னையின் நவம்பரில் அதை நம்பிச் சமையல் வாடையோ பெயின்ட் நெடியோ போகும் என்று எதிர்பார்க்க முடியாது. குருணைக் கார்பன் கிலோ கணக்கில் உள்ள இயந்திரங்கள் உண்டு, விலையும் அதற்கேற்பத்தான். தாளிப்புப் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், அதுவே மலிவும்கூட.

ஈரப்பதமூட்டியும் சேர்ந்த ‘டூ இன் ஒன்’ இயந்திரத்தை இந்தக் கடற்கரையில் யாரும் வாங்கக் கூடாது என்பதைக் கறாராகவே சொல்கிறேன். 75 சதவீத ஈரத்தில் மூழ்கிக் கிடக்கும் அறைக்கு இன்னும் ஈரம் எதற்கு? அல்ட்ராசானிக் வகையில் போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் நுண்தூசாகக் காற்றில் கலக்கும். வடிகட்ட வாங்கிய துகளையே இயந்திரம் தூவும். அயனி வீசும் வசதியும் வேண்டாம். அத்தகைய இயந்திரங்களில் சில ஓசோன் உமிழ்கின்றன, ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. கலிபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்று இயந்திரங்களுக்கு நூறு கோடியில் 50 பங்கு ஓசோன் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்புக்கு உட்பட்டது என்ற சான்று இருந்தால் சரி, அல்லது அயனியை அணைத்துவைக்கப் பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். புற ஊதா விளக்குக்காகக் கூடுதல் விலை தருவதிலும் பயனில்லை. காற்று அதைக் கடக்கும் ஒரு நொடிக்குள் கிருமி சாவது அரிது.

இயந்திரத்தின் முகப்பில் மின்னும் எண்ணையும் இங்கே சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய சென்சார் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரம் மிகுந்த காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். மூடுபனித் துளியைக்கூட அது தூசு என்று எண்ணிவிடும். ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள அரசு கண்காணிப்பு நிலையங்களின் அளவுகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மார்கழி விடியலில் வீட்டு இயந்திரம் சிவப்பு காட்டினால் அருகிலுள்ள நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புகையை வீட்டுக்குள் நாமே உண்டாக்குவது பற்றியும் பேச வேண்டும். சீன, மலேசியக் கொசுவர்த்திச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என்றது. சாத்திய அறையில் குழந்தையின் தலைமாட்டில் அதைக் கொளுத்திவைத்துவிட்டு மூலையில் ப்யூரிஃபையர் ஓட்டுவதில் அர்த்தமில்லை. சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதற்கு ஆகும் செலவு இயந்திரத்தின் விலையில் ஒரு பங்குதான். ஊதுவத்தியும் சாம்பிராணியும் யாரும் விடப்போவதில்லை, விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஏற்றும் நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

சன்னல் என்றதும் இன்னொன்று. ப்யூரிஃபையர் சாத்திய அறையில்தான் வேலை செய்யும். நம் வாழ்க்கையோ திறந்த சன்னலோடு நடப்பது. ஏ.சி. இல்லாத வீட்டில் மே மாதப் புழுக்கத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவது உடம்புக்குச் செய்யும் கொடுமை. அந்த வீட்டுக்கு இந்தக் கருவியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏ.சி. ஓடும் படுக்கையறையில், இரவு எட்டு மணி நேரம் என்பதே இதற்கு உகந்த இடமும் நேரமும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே குளிரவைக்கிறது. அதிலுள்ள வலை நூல் பிசிறைத்தான் பிடிக்கும், நுண்துகளை அல்ல. ஏ.சி.யும் ப்யூரிஃபையரும் சேர்ந்து ஓடினாலும் நாம் விடும் கரியமில வாயு குறையாது. கதவை ஒரு விரற்கடை திறந்துவைப்பது நல்லது. பகலில் கடற்காற்று வீசும் மதிய நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

பராமரிப்பிலும் மழைக்காலத்துக்குத் தனி கவனம் வேண்டும். வெளிப்புற வலையைக் கழுவினால் நிழலில் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரமாக மாட்டினால் அதில் படிந்த தூசையே உணவாக்கிப் பூஞ்சணம் வளரும். ஹெப்பாவைக் கழுவவே கூடாது. மழைக்காலத்தில் இயந்திரத்தை வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிடக் குறைந்த வேகத்தில் தினம் சில மணி நேரம் ஓடவிடுவது மேல். ஓடும் காற்றில் ஃபில்டர் உலர்ந்திருக்கும். திறந்ததும் நமுத்த வாடை அடித்தால், ஃபில்டர் நிலையைக் காட்டும் விளக்கு என்ன சொன்னாலும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். 40 வாட் இயந்திரம் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்தான். செலவு மின்சாரத்தில் இல்லை, ஃபில்டரில் இருக்கிறது. வாங்கும்போதே மாற்று ஃபில்டரின் விலையைக் கேளுங்கள். நம் ஊரில் எப்போதும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். தள்ளுபடி கிடைக்கிறது என்று நாலைந்தை வாங்கிப் பரணில் போட்டால் அவையும் ஈரம் குடிக்கும்.

வீசிங் உள்ள குழந்தைக்காக இதை வாங்கும் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. இயந்திரம் வந்து நாலு நாள் இருமல் குறைந்ததும் இன்ஹேலரை நிறுத்திப் பார்க்கத் தோன்றும். நிறுத்தாதீர்கள். மருந்தைக் குறைப்பதா என்று மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அடுத்த முறை அவரிடம் போகும்போது ஈரப்பதமானியில் பார்த்த எண்களை எழுதிக்கொண்டு போங்கள். படுக்கைக்கு அருகில் சுவரில் பூஞ்சணம் இருந்தால் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். குழந்தைக்கு எந்த மாதங்களில், எந்த அறையில் இளைப்பு கூடுகிறது என்பதையும் சொல்லுங்கள்.