இதயச் செயலிழப்பும் நீரிழிவும்: இரு வரிசைகளில் நிற்கும் ஓர் உயிர்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில், வயல்வேலைக்குச் செல்லும் ஒரு தலித் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை உட்கொள்பவர். இப்போது கால் வீங்குகிறது. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. சர்க்கரைக்கு ஒரு வரிசை, இதயத்துக்கு வேறொரு வரிசை; உயர் சிகிச்சைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் திருநெல்வேலி. ஒவ்வொரு வரிசையின் விலையும் ஒரு நாள் கூலி. இரு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை அவருக்கு எவரும் விளக்குவதில்லை.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த இயலாமல் அது தளர்ந்துபோவது. நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1974இலேயே கண்டறிந்தது. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், 2013இல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகள் பதிவுசெய்யப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேர் இறந்துவிட்டனர்.

மிகுந்த சர்க்கரை இதயத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களையும் தசையையும் இறுகச் செய்கிறது. சிறுநீரகத்தைப் பழுதாக்கி, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. நரம்புகள் மரத்துப்போவதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். மறுபுறம், தளர்ந்த இதயம் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுத்துச் சர்க்கரையை மேலும் உயர்த்துகிறது. சர்க்கரை மிகத் தாழ்வதும் ஆபத்தே: இதயத் துடிப்பின் சீர் குலையலாம். வேலை நாளில் உணவைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவோருக்கு இந்த ஆபத்து மிகுதி.

எனவே சர்க்கரையைக் குறைப்பது மட்டும் போதாது; எந்த மருந்தால் குறைக்கிறோம் என்பதும் முக்கியம். பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்குவதால் இந்நோயாளிகளுக்கு ஏற்றதன்று. சாக்சாகிளிப்டின் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை அதிகரிப்பதாக 2013இல் தெரியவந்தது. மாறாக, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், நோய் முற்றுவதையும் இதயநோய் இறப்பையும் சேர்த்து 26 விழுக்காடு குறைத்ததாக 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. 2020இல் இந்தியக் காப்புரிமை முடிந்தபின் அதன் விலையும் சரிந்தது. இவ்வகை மருந்துகள் 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. ஆயினும், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

மருந்து கையில் கிடைத்த பின்னரும் ஒரு தடை உண்டு. இந்த மருந்தும் வீக்கத்துக்குத் தரப்படும் நீர் மாத்திரையும் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பவை. கழிப்பறையில்லாத வயலில் நாள் முழுதும் நிற்கும் பெண் அதை எப்படி உட்கொள்வார்? அவர் மாத்திரையைத் தவிர்த்தால், “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதப்படும். நாம் அதைப் பணியிட உரிமை மறுப்பு என்றே எழுதுவோம்.

கல்வி மறுப்பும் உயிரைப் பறிக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், 90 நாள்களுக்குள் இறந்தோர் விகிதம் கல்வி பெறாதோரிடமே மிக அதிகம். யாருக்குக் கல்வி மறுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அரசு மருத்துவமனைகள் உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று, மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு அவசர சிகிச்சை பற்றியது. நாள்பட்ட நோய்க்கும் அதே உரிமையை நீட்டிக்கக் கோருவது நம் கடமை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே வாசலில் மூன்று கேள்விகளும் கேட்கப்பட வேண்டும்: கால் வீங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? சில நாள்களில் எடை கூடியதா? ஆம் எனில் இதயப் பரிசோதனை, ஒரே நாளில், ஒரே இடத்தில் இரு நோய்க்கும் சிகிச்சை, இதயத்துக்கு உகந்த மருந்து இலவசமாக, பணியிடத்தில் கழிப்பறை. நம் சேரிகளில் பணியாற்றும் மாணவர்களும் தோழர்களும் இக்கேள்விகளை இன்றே கேட்கத் தொடங்கலாம். “இந்தச் சர்க்கரை மாத்திரை என் இதயத்துக்கு ஏற்றதா?” என்று மருத்துவரிடம் கேட்கும் துணிவை நம் தாய்மார்களுக்கு அளிப்பதும் உரிமைப் போராட்டமே.