மெதுவாக வளர்வது குற்றமா?



குடும்பம் சிறக்கத் தேவை போட்டியா, அரவணைப்பா என்பது தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "நம்ம உடம்புக்குள்ளேயே வலுவான செல், நலிஞ்ச செல்லைத் தள்ளிட்டுத்தான் வாழுது. போட்டிதான் இயற்கை"ன்னார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன். உண்மைதான், ஆனா பாதி உண்மை! (கைதட்டல்)

மீதியைக் கேளுங்க. கனிஞ்ச வாழைப்பழத்தைச் சுத்துமே, பொடி ஈ, பழ ஈ. அதிலே 'மினிட்' என்றொரு வகை. செல்லுக்குள்ளே புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் ஒரு குறை. அதனால வளர்ச்சி மெதுவு. தாமதமானாலும் முழு ஈயா வளர்ந்துடும்.

1975-இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் கினெஸ் மொராட்டா, பெட்ரோ ரிப்போல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஈயின் வளரும் திசுவிலே மெதுவான செல்லும் சாதாரணச் செல்லும் அக்கம்பக்கமாக இருந்தால் என்ன ஆகும்? மெதுவானவை காணாமலே போயின! தன் இனத்தோட இருந்தப்போ நல்லா வாழ்ந்த செல், வேகமான அண்டைவீட்டுக்காரன் பக்கத்திலே செத்துப்போச்சு. இதற்குப் பெயர் செல் போட்டி.

எப்படிச் சாகுது? அண்டைச் செல்லோடு ஒப்பிடும்போது நலிஞ்சதுன்னு தெரிஞ்சா, அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிற தற்கொலைத் திட்டம் முடுக்கிவிடப்படுது. காலியான இடத்தை மற்றவை பெருகி நிரப்பிடும். உறுப்போட அளவு மாறாது.

வளர்ந்த உடம்பிலும் இது நடக்குது. நலிஞ்ச செல்களை நீக்க உதவும் 'அசோட்' என்ற மரபணு ஈக்கு வழக்கமா 2 பிரதி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எடுவார்டோ மொரேனோ குழுவினர் கூடுதலா ஒரு பிரதி கொடுத்தார்கள். ஈக்கள் அதிக நாள் வாழ்ந்தன. 2015-இல் வெளியான முடிவு இது.

"ஏம்ப்பா, எதிரணிக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறியே"ன்னு நடுவர் பார்க்கிறார். (சிரிப்பு) பொறுங்கய்யா!

2004-இல் இன்னொரு உண்மை வெளிவந்தது. வளர்ச்சியைத் தூண்டும் 'மிக்' மரபணு. மைக் இல்லீங்க, மிக்! (சிரிப்பு) அது கூடுதலா உள்ள செல், பக்கத்திலே ஒரு குறையும் இல்லாத நல்ல செல்லையே சாகடிச்சுட்டு இடத்தைப் பிடிக்குது. மனிதர்களின் பல புற்றுநோய்களிலே இதே மிக் அளவுமீறி வேலை செய்யுது. ஆக, ஜெயிச்சதெல்லாம் நல்லதும் இல்லே. தோத்ததெல்லாம் கெட்டதும் இல்லே! (பலத்த கைதட்டல்)

நம்ம வீட்டிலே என்ன செய்யறோம்? "பக்கத்து வீட்டுப் பையன் என்ன மார்க் பாரு!" மெதுவா வர்ற பிள்ளையை ஒப்பிட்டே கருக வைக்கிறோம். செல் போனா இன்னொரு செல் இடத்தை நிரப்பும். ஒரு பிள்ளை மனசு ஒடிஞ்சா அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவீங்க தாயே? மினிட் ஈ கூடத் தாமதமா வந்து பறக்குதே!

எனவே குடும்பத்துக்குத் தேவை அரவணைப்பே என்று கூறி அமர்கிறேன்.