ஒரே கேபிள், ஒரு நாடு

2022 ஜனவரி 17 அன்று நியூசிலாந்து விமானப்படையின் ஓரியன் விமானம் ஒன்று டோங்காவை நோக்கிக் கிளம்பியது. தீவுகள் என்ன ஆயின, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று மேலிருந்து பார்த்துவருவதுதான் அதன் வேலை. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் நாடு அது. தூதரகங்களின் கையிலிருந்த சில செயற்கைக்கோள் போன்களை விட்டால், இரண்டு நாளாக அங்கிருந்து சேதி வர வழியே இல்லை. கடலோரத்தில் வீடுகளெல்லாம் அழிந்துபோன மாங்கோ என்ற குட்டித் தீவிலிருந்து ஆபத்துச் சமிக்ஞைக் கருவி ஒன்றின் துடிப்பு மட்டும் பதிவாகியிருந்தது.

ஜனவரி 15 மாலை, தலைநகர் நுகுவாலோபாவிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தது. புகை 57 கிலோமீட்டர் உயரம் வரை போனது. சத்தம் அலாஸ்காவில் கேட்டது. சுனாமியும் வந்தது. ஆனால் நாட்டை வெளியுலகத்தோடு இணைத்த கடலடிக் கேபிளை அறுத்தது சுனாமி அல்ல. எரிமலை கக்கிய சாம்பலும் கல்லும் திரும்பக் கடலில் விழுந்து, கடலடிச் சரிவுகளில் மணிக்கு 122 கிலோமீட்டர் வரை வேகத்தில் பாய்ந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கணித்தார்கள். அந்தப் பாய்ச்சல் முதலில் தீவுகளை இணைத்த உள்நாட்டுக் கேபிளையும், பிறகு ஃபிஜிக்குப் போகும் கேபிளையும் பிய்த்தெறிந்தது.

ஃபிஜிக்குப் போனது 827 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கேபிள். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தந்த மானியத்தில் 2013இல் வந்தது. நாட்டுக்கு வெளியே போக இருந்த ஒரே கேபிள் அதுதான். ஆழ்கடலில் இத்தகைய கேபிளின் பருமன் கட்டைவிரல் அளவே. உலகத்தில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் பேச்சும் பணமும் படமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கேபிள்களில்தான் ஓடுகின்றன. ஆண்டுக்கு 150 முதல் 200 இடங்களில் அவை பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான் காரணம். பெரிய நாடுகளில் யாருக்கும் அது தெரிவதில்லை. ஒன்று போனால் வேறு பாதை இருக்கிறது.

டோங்காவில் அறுந்தது வெறும் வாட்ஸ்அப் அல்ல. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேலை செய்யும் டோங்கர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் 40 சதவீதத்துக்கு ஈடு. வீடு இடிந்து நிற்கும் நேரத்தில், அனுப்ப மனமும் பணமும் உள்ள பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். வாங்க வேண்டிய தாய் தகப்பன் உள்ளே இருந்தார்கள். நடுவில்தான் தடம் இல்லை.

இதற்கு மாற்றுப் பாதை யோசிக்கப்படாமல் இல்லை என்பதுதான் எரிச்சலூட்டும் விஷயம். 2019 ஜனவரியில் இதே கேபிள் அறுந்து இரண்டு வாரம் நாடு தவித்தது. கிடைத்த கொஞ்சநஞ்சச் செயற்கைக்கோள் இணைப்பை முக்கிய வேலைகளுக்குப் பிடித்துவைக்க, சமூக ஊடகங்களை நிறுத்திவைத்தார்கள். அந்த ஆண்டே ஒரு செயற்கைக்கோள் நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தமும் போட்டார்கள். பிறகு ஒப்பந்தத் தகராறு வந்தது. எரிமலை வெடித்த நாளில் அந்தச் சேவை ஓடவில்லை. மாற்றுப் பாதை காகிதத்தில் பத்திரமாக இருந்தது! ஒரு வழி நன்றாக ஓடும்போது இரண்டாவது வழிக்குக் காசு கட்டுவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் வீண்செலவாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, ஏழை நாட்டின் கஜானா அப்படி.

கைகொடுத்தவை பழையவையும் அருகில் கிடந்தவையும்தான். நியூசிலாந்து வானொலியும் பிபிசியும் டோங்காவுக்குச் சிற்றலை ஒலிபரப்பைக் கூட்டின. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் டிஷ்ஷைக் கொண்டு டிஜிசெல் தொலைபேசி நிறுவனம் ஜனவரி 19 அன்று வெளிநாட்டு அழைப்புகளை மீட்டது. 2ஜிதான், விட்டுவிட்டுத்தான் கேட்டது.

ரிலையன்ஸ் என்ற பழுதுபார்ப்புக் கப்பல் (நம்மூர் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) பாப்புவா நியூ கினியிலிருந்து வந்தது. இந்த வேலையில் கரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று கணக்கிட்டு முறிந்த இடத்தைப் பிடிப்பார்கள். பிறகு கொக்கியைக் கடலடியில் இழுத்து முனையைத் தேடி மேலே எடுத்து, இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். இங்கே முனைகள் சேற்றில் புதைந்து கிடந்தன. சுமார் 90 கிலோமீட்டர் புதுக் கேபிள் போட வேண்டியிருந்தது. பிப்ரவரி 22இல் இணையம் திரும்பியது. உள்நாட்டுக் கேபிளுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. சரிசெய்த அந்த உள்நாட்டுக் கேபிளும் 2024 ஜூனில் நிலநடுக்கத்துக்குப் பின் மறுபடி அறுந்தது.

அந்த முறை வடக்குத் தீவுக்காரர்கள் காத்திருக்கவில்லை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் டிஷ்களை மாட்டிக்கொண்டார்கள். உரிமம் இல்லை என்று அரசு முதலில் நிறுத்தச் சொன்னது. பிறகு இறங்கிவந்து அனுமதித்தது. டிஷ் அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒரு நாட்டின் முழுப் பாரத்தையும் கேபிள் சுமக்கும் அளவுக்கு அது சுமக்காது. அதனால் இரண்டாவது வெளிநாட்டுக் கேபிளுக்கும் ஏற்பாடு தொடங்கியது. தலைநகருக்குப் பக்கத்தில் இன்னொன்றை இறக்காமல், வடக்கே வவாவு தீவில் கரையேற்றி ஹவாய்க்கி என்ற பன்னாட்டுக் கடலடிக் கேபிளோடு இணைப்பது திட்டம். நடுவில் எரிமலைப் பக்கத்துக் கடலில் உள்நாட்டுக் கேபிள் இன்னொரு முறை அறுந்தாலும், தெற்கு ஃபிஜி வழியாகவும் வடக்கு ஹவாய்க்கி வழியாகவும் வெளியுலகத்தோடு பேசிக்கொள்ளும்.