கணிப்பொறி அறிந்த உறவு

"சொந்தக்காரர் வந்திருக்கிறார்" என்றால், "யார், அத்தையா? சித்தியா?" என்று கேட்கிறோம் அன்றோ? வெறும் 'சொந்தம்' என்று ஒருவரும் இல்லை. தகவல்களைப் பொருள்களாகச் சேமிக்கும் கணிப்பொறித் தரவுத்தளத்திலும் 'உறவு' என்பது இத்தகைய அருவ வகுப்பே. அதிலிருந்து நேராக எதுவும் பிறவாது. அதன் கிளைகளிலிருந்தே பிறக்கும்.

கிளைகள் மூன்று. எங்கள் மண்ணூரில் குடும்பத்துக்கு ஒரு ரேஷன் அட்டை: இது ஒன்றுக்கு ஒன்று. அட்டையில் பல பெயர்கள்: இது ஒன்றுக்குப் பல. மாணவியர் பலர், அவர்கள் கற்கும் பாடங்களும் பல: இது பலவற்றுக்குப் பல.

எந்த உறவுக்கும் முனைகள் இரண்டு. தரவுத்தள நிறுவனங்களின் கூட்டமைப்பான ஓ.டி.எம்.ஜி. 1993இல் வெளியிட்ட தரவிதிப்படி, இரு முனைகளையும் ஒன்றுக்கொன்று எதிரிணை என அறிவிக்கலாம். பிறகு ஒன்றை மாற்றினால் மற்றதைத் தரவுத்தளமே திருத்திவிடும்.

இதனால் என்ன பயன்? அக்கா மணமாகி ஒரகடம் செல்கிறாள் என்று கொள்வோம். பிறந்த வீட்டு அட்டை அவள் பெயரை நீக்கிவிட்டது. அவளுடைய குறிப்போ இன்னும் பழைய அட்டையையே காட்டுகிறது. ஒருவருக்கு ஓர் அட்டைதானே! புதிய அட்டை அவளை ஏற்காது. இரு வீட்டிலும் அவள் பங்கு அரிசி இல்லை!

ஒரு முனை மட்டும் நினைவில் வைத்தால் உறவு நிலைக்காது. இது நமக்கும் பொருந்தும் அன்றோ?