லேண்டருக்குப் பின்னால் ஒரு பாலிடெக்னிக்

மரக்காணம் உப்பளங்களை அடுத்த பிரம்மதேசத்துக்காரர்களுக்கு விழுப்புரம்தான் மாவட்டத் தலைநகரம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியதும் விழுப்புரத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே டெக்னீஷியனின் மகன்.

படித்தது ரயில்வே பள்ளி. அடுத்து, உள்ளூரிலேயே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பி.இ.யும் தனியார் கல்லூரியில்தான், சென்னை ஸ்ரீ சாய்ராமில். திருச்சி ஆர்.இ.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் அதற்குப் பிறகு வந்தவை. டிப்ளமோ என்றாலே உதட்டைப் பிதுக்கும் உறவினர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

ஐ.ஐ.டி.யில் அவர் ஆராய்ந்தது அதிர்வை. ராக்கெட் கிளம்பும்போது உண்டாகும் குலுக்கலில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகள் பழுதாகிவிடக்கூடும். அவற்றோடு ஒரு சிறு குப்பியைப் பொருத்தி, அதற்குள் பொடி உலோகக் குண்டுகளைப் போட்டுவிட்டால், போர்டு ஆடும்போது குண்டுகள் ஒன்றோடொன்று மோதி உராயும். ஆட்டத்தின் சக்தி அந்த மோதலிலேயே செலவாகிவிடும். கிலுகிலுப்பை மாதிரிதான், எந்த அளவில் எத்தனை குண்டு என்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது.

அமெரிக்காவில் கதை வேறு; அங்கே தனியார் பல்கலைக்கழகங்கள் நிலவுப் பயணத்துக்கான கருவிகளையே செய்தன. அப்போலோ கலங்களுக்கு வழிகாட்டும் கணினியை உருவாக்கும் பொறுப்பை நாசா 1961-லேயே எம்.ஐ.டி. என்ற தனியார் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் இறங்கும் நேரத்தில் வேலைப்பளு தாங்காமல் 1202 என்று எச்சரித்த கணினி, அவசரமில்லாத வேலைகளைக் கழற்றிவிட்டு, இறங்கும் கணக்கை மட்டும் விடாமல் போட்டது. கார்னெகி மெலன் மாணவர்கள் செய்த ஐரிஸ் ரோவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2024 ஜனவரியில் அதைச் சுமந்துபோன பெரெக்ரின் லேண்டர், எரிபொருள் கசிந்து நிலவை எட்டவே இல்லை.

இங்கே சந்திரயானைக் கட்டியது அரசின் இஸ்ரோ. சோதனைக்கு நிலவு மண்ணை ஒத்த பாறை, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கமிருந்து போனது; அதற்கு உதவியது சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அதுவும் அரசுடையது. தனியார் கல்லூரிகள் கொடுத்தது ஆளை. அது சின்ன விஷயமில்லை.

வீரமுத்துவேலும் அதை மறக்கவில்லை. 2023 அக்டோபரில் தமிழக அரசு பரிசளித்த 25 லட்சம் ரூபாயையும், அந்த பாலிடெக்னிக் உட்பட, தான் படித்த நான்கு கல்வி நிறுவனங்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்.