கால் வராத காலைப்பொழுது

என் அப்பா துறைமுகத்தில் லோடுமேன். ஐம்பது கிலோ மூட்டையை அலட்சியமாகத் தூக்குகிறவர், ஒருநாள் விடியற்காலையில் பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தார். முந்தின நாள் பகல் முழுக்கச் சுமை; ராத்திரி கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பாடு. பேச்சு தெளிவு, கிள்ளினால் வலி தெரிகிறது, கால் ரெண்டும் மட்டும் அசையவில்லை. "ஒங்க தாத்தாவுக்கும் இப்படித்தாம்ல வரும், செய்வினை" என்றாள் ஆச்சி. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கையும் விழுந்துவிட்டது!

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கணும், அப்பாவுக்கு 2.1. பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். மறுநாள் நடந்தே வீடு வந்தார். அப்பா கப்பலிலிருந்து இறக்குகிற பொட்டாஷ் உரமும் அதே பொருள்தான். (அதுக்காக உர மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள்.)

இது பரம்பரையாக வரும் தசை வாதம். பொட்டாசியம் உடம்பை விட்டுப் போய்விடவில்லை. ரத்தத்திலிருந்து தசைக்குள் புகுந்துகொள்கிறது. சோறும் இனிப்பும் அதிகமானால் இன்சுலின் சுரக்கும். அது பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். குளுக்கோஸ் ஏற்றியதும் கை விழுந்தது அதனால்தான். கடும் வேலைக்குப் பின் ஓய்வெடுக்கும்போதும் இது வரும்.

ஆனால் சாப்பிட்டவன் எல்லாம் விழுவதில்லையே? நான் படிப்பது எலெக்ட்ரிகல், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தசைச் செல் ஒரு குட்டி பேட்டரி. அதன் சவ்வில் சோடியம், கால்சியம் போய்வர வாசல்கள் உண்டு. இந்தக் குடும்பத்தாருக்கு வாசலில் பிறவியிலேயே சின்ன லீக். வெளியே பொட்டாசியம் குறைந்ததும் வோல்டேஜ் இறங்கி, சோடியம் வாசல்கள் ட்ரிப் ஆகிவிடும். நரம்பு கட்டளை அனுப்பும், தசை வாங்காது. வயர் அறுகவில்லை, மோட்டார் எரியவில்லை. கால்சியம் வாசல் ஜீனில் உள்ள பிழையை 1994-லும், சோடியம் வாசல் ஜீனில் உள்ளதை 1999-லும் கண்டுபிடித்தார்கள்.

பொட்டாசியம் குறைந்தாலே பரம்பரை என்று முடிவு கட்டவும் கூடாது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2006-ல் வெளியிட்ட 31 பேர் கணக்கில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் போன்ற வேறு கோளாறு. தைராய்டு மிகுந்தாலும் இதே கூத்துதான். இதயத் துடிப்பும் தடுமாறலாம், ஈ.சி.ஜி. அவசியம். இளநீரை மட்டும் நம்பி வீட்டில் கிடப்பது ஆபத்து.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் இருபது வயசுக்குள் தலைகாட்டும். எனக்கு பதினெட்டு. ராத்திரி பரோட்டா ரெண்டோடு எழுந்துவிடுகிறேன். அப்பா சட்டைப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: "குளுக்கோஸ் ஏற்றாதீர்கள், முதலில் பொட்டாசியம் பாருங்கள்." என் பர்ஸிலும் அதில் ஒரு காப்பி இருக்கிறது.